கொழும்பில் ஒரு பொக்ஸ்டர்: சருகும் மழையும் ஒயிலும்

பௌத்தாலோக மாவத்தைப் பக்கம் மாரா மர நிழலில் ஒரு மாதம் நின்ற போர்ஷே பொக்ஸ்டர் காரின் முன்பம்பர் துவாரத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள். விரல் நகத்தளவு சருகு பிடி பிடியாக வரும். மழையில் ஊறி, வடித்த தேயிலைச் சக்கை மாதிரிக் கறுத்திருக்கும். அந்தச் சக்கைக்குப் பின்னால் ஏசி காஸை ஆறவைக்கும் கண்டென்சர், அதற்கும் பின்னால் றேடியேற்றர். இந்தக் காரில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் இருந்தாலும் றேடியேற்றர்கள் முன்சில்லுகளுக்கு முன்னால் இடம் ஒன்றும் வலம் ஒன்றுமாக இருக்கின்றன; சில மாடல்களில் நடுவிலும் ஒன்று உண்டு. ஈரச் சருகு மாதக்கணக்கில் ஒட்டிக்கிடந்தால் அலுமினியத் தகடுகள் அரித்துப் போகும். காலிமுகக் கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். கண்டென்சர் ஓட்டையானால் வரும் செலவில் பல வருட ஒயில் செலவு அடங்கிவிடும். அதனால்தான் சருகை முதலில் வைத்தோம்.

இங்கே சொல்பவை 2005 முதல் 2008 வரையான 987 மாடலுக்கு. 2009 மாடலிலிருந்து எஞ்சினே வேறு. அந்தக் கார்களுக்கு இங்குள்ள எண்களை எடுக்கவேண்டாம்.

மாதம் ஒருமுறை வீட்டு வக்யூம் கிளீனரில் ஒடுங்கிய குழாயை மாட்டி, இரண்டு துவாரங்களிலும் சருகை இழுத்தெடுங்கள். சருகு காய்ந்திருக்கும்போது செய்தால் வேலை சுலபம். சேர்விஸ் ஸ்டேஷனில் அழுத்தத் தண்ணீர் அடிக்க விடாதீர்கள். தகடுகள் மடிந்து காற்று போகும் வழியே அடைபடும். வருடம் ஒருமுறையாவது பம்பரைக் கழற்றத்தான் வேண்டும். கண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி இருக்கிறது, அங்கே சேரும் குப்பை முன்னாலிருந்து தெரியாது. முன்மூடிக்குக் கீழே மேல்வரிசைத் திருகாணிகள், இரண்டு சில்லு வளைவுகளிலும் உள்ளவை, அடியில் உள்ளவை என்று ஒழுங்காகக் கழற்றி, பக்க விளக்கு வயர்களைப் பிரித்த பிறகு இரண்டு பேராகப் பிடித்து முன்னால் இழுங்கள். மென்மையான பிரஷும் வீட்டுக் குழாய்த் தண்ணீரும் போதும்.

பம்பரை மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டதும் இரண்டு விசிறிகளும் மெதுவாகச் சுற்றவேண்டும். மெதுவேகமே இல்லாமல், சூடு நன்றாக ஏறிய பிறகுதான் பெரிய சத்தத்தோடு சுற்றத் தொடங்குகிறதா? மெதுவேகத்துக்கான றெசிஸ்டர் போய்விட்டது. இந்தக் கார்களில் இது வழக்கமான கோளாறு. காலி வீதி நெரிசலில் ஏசி குளிராமல் போவதற்கு காஸ் குறைந்துவிட்டது என்று உடனே சொல்லிவிடுவார்கள். காஸ் அடிக்கக் கொடுக்கும் முன் இந்த விசிறியைப் பாருங்கள்.

அடுத்தது மழை. துணிக்கூரையில் விழும் தண்ணீர் இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள வடிகுழாய்கள் வழியாகக் காருக்கு அடியில் இறங்கவேண்டும். அதே சருகு இங்கேயும் அடைக்கும். அடைத்தால் தண்ணீர் கார்ப்பட்டுக்குக் கீழே போகும். இருக்கைக்கு அடியில் வயர் இணைப்புகளும் எலக்ட்ரோனிக் பெட்டியும் இருப்பதால், ஒருநாள் காலை கார் சாவியையே அடையாளம் கண்டுகொள்ளாமல் போகலாம். மே மாதத் தென்மேல் பருவமழைக்கு முன் ஒருமுறை, ஒக்டோபர் இடிமழைக்கு முன் ஒருமுறை கூரையைப் பாதி திறந்து நிறுத்தி, ஓரங்களில் உள்ள குப்பையைக் கையால் எடுங்கள். பிறகு புல்வெட்டி மெஷினுக்குப் போடும் நைலோன் கம்பியை மெதுவாக உள்ளே விடுங்கள். ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, பின்சில்லுக்கு முன்னால் அது சொட்டுகிறதா என்று பாருங்கள். காற்றழுத்தம் பாவிக்கவேண்டாம், குழாய் உள்ளே கழன்றால் அதை மாட்டக் கூரையையே பிரிக்கவேண்டி வரும்.

இப்போது ஒயில். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய் வருகிற காரில் ஒயில் போதுமான அளவு சூடேறிச் சுத்தமாவதே இல்லை. எரியாத பெற்றோலும் நீராவியும் அதற்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே கையேட்டிலுள்ள நீண்ட இடைவெளியை மறந்து, 8,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். போர்ஷே ஏ40 அங்கீகாரம் டின்னில் அச்சிட்டிருக்கும் 5டபிள்யூ-40 ஒயில் போதும். 0டபிள்யூ என்று தொடங்கும் ஒயில் பனிக்காலக் குளிர் ஸ்டார்ட்டுக்கானது. கொழும்புக்கு அதற்கு மேலதிகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

தேவையானவை: 5 லீற்றர் ஒயில் டின் இரண்டு, மாலே ஓஎக்ஸ் 128/1டி பில்டர் அல்லது அதற்குச் சமமானது, வடிபோல்ட்டுக்குப் புது அலுமினிய வாஷர், 8 மில்லிமீற்றர் எலன் சொக்கட், இறுக்கும் விசையை அளக்கும் டோர்க் ரெஞ்ச், பில்டர் மூடிக்கு 74 மில்லிமீற்றர், 14 முகக் கிண்ண ரெஞ்ச். பஞ்சிகாவத்தையில் கேட்டால் பெரும்பாலும் டொயோட்டாவுக்கான 64 மில்லிமீற்றரைத்தான் தூக்கித் தருவார்கள். அளவை வாசித்து வாங்குங்கள். ஒயில் பிடிக்கும் பாத்திரம் 12 லீற்றராவது கொள்ளவேண்டும். வழக்கமான 5 லீற்றர் தட்டை வைத்தால் பாதியில் நிரம்பி வழியும், வடியும் துளையை அந்நேரம் மூட முடியாது.

காரை 15 நிமிடம் ஓட்டி, பிறகு அதே அளவு ஆறவிடுங்கள். நான்கு ஜாக் ஸ்டாண்டில் மட்டமாக நிற்கவேண்டும். முன்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் பழைய ஒயில் ஒரு மூலையில் தேங்கும். முன்பம்பர் தாழ்வென்பதால் ஜாக் உள்ளே போகாது. இரண்டு அங்குலப் பலகையில் சில்லை ஏற்றினால் போகும். ஸ்டாண்டுக்குப் பதிலாக சீமெந்து பிளொக் கல் வைப்பவர்கள் இருக்கிறார்கள். கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். அதற்குக் கீழே படுக்காதீர்கள்.

பின்பக்கச் சாமான் பெட்டிக்குள் உள்ள ஒயில் ஊற்றும் மூடியை முதலில் திறங்கள். பிறகு கீழே வடிபோல்ட்டைக் கழற்றி 20 நிமிடம் வடியவிடுங்கள். பில்டர் மூடியைத் திறக்கையில் அரைக் கோப்பை ஒயில் முழங்கைவரை வழியும், அதற்குத் துணி வையுங்கள். மூடியின் பழைய ஓ-றிங்கை (ரப்பர் வளையம்) எடுத்து, புதியதில் கொஞ்சம் ஒயில் தடவிப் போடுங்கள். இறுக்கும் அளவு பில்டர் மூடிக்கு 25 நியூட்டன் மீற்றர், வடிபோல்ட்டுக்கு 50. மூடி பிளாஸ்டிக், வடிபோல்ட் மாட்டும் சம்ப் (ஒயில் தொட்டி) அலுமினியம். “கொஞ்சம் கூட இறுக்கினால் நல்லது” என்ற கராஜ் பழக்கம் இரண்டையும் கெடுக்கும்.

முதலில் 7 லீற்றர் ஊற்றி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இந்த மாடலில் ஒயில் கோல் இல்லை. மட்டமான தரையில், சூடான எஞ்சின் நின்று ஒயில் கீழே இறங்கிய பிறகு, ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டால் டாஷ்போர்ட் அளவைக் காட்டும். ஒரு கட்டம் சுமார் 0.4 லீற்றர். உச்சக் கட்டத்துக்கு ஒன்று குறைய நிறுத்திவிடுங்கள். அதிகமானால், ஒயிலையும் காற்றையும் பிரிக்கும் பாகத்தின் வழியாக ஒயில் எஞ்சின் காற்றிழுக்கும் இன்டேக்குக்குள் போய் நீலப்புகை வரும்.

பழைய பில்டரை எறிவதற்கு முன் மடிப்புகளைக் கத்தியால் வெட்டி, வெள்ளைக் கடதாசியில் விரித்து வெயிலில் பாருங்கள். இந்த வேலையை வீட்டில் செய்வதன் பெரிய இலாபமே இதுதான். மினுங்கும் துகள் இருந்தால் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் எஃகு, இந்த எஞ்சினின் பேர்போன ஐஎம்எஸ் பெயரிங் (எஞ்சினுக்குள் இடைத்தண்டைத் தாங்கும் பெயரிங்) தேய்கிறது என்று சந்தேகிக்கவேண்டும். ஒட்டாத வெள்ளித் துகள் அலுமினியம், சிலிண்டர் சுவரைக் கேட்கவேண்டிய கேள்வி. பிளாஸ்டிக் துண்டுகள் தெரிந்தால் டைமிங் செயின் உரசி ஓடும் பட்டைகளைப் பாருங்கள். ஓரிரு துகளுக்குப் பயப்படவேண்டாம், ஆனால் கடதாசியைத் திகதி போட்டு வைத்துக்கொண்டு அடுத்த முறையோடு ஒப்பிடுங்கள். பழைய ஒயிலை அதே டின்னில் ஊற்றிச் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். கானில் விட்டால் வெள்ளவத்தைக் கால்வாய் வழியே கடலுக்குத்தான் போகும்.

பெற்றோல் 95 மட்டும். 92 அடிக்கவேண்டாம்.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 தரம் புதிதாய் இருக்கையில் குறைந்தது 230 பாகையில் கொதிக்கவேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அதற்குக் கேட்கப்படுவது 155 மட்டுமே. கொழும்பின் ஈரக்காற்றில் இரண்டு வருடத்துக்கு மேல் விடாதீர்கள். சில்லுகளில் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு கலிப்பரிலும், பழைய திரவத்தை வெளியே விட உள்ளும் புறமுமாக இரண்டு நிப்பிள். உள்ளே இருப்பதை மறந்துவிட்டு, பெடல் இன்னும் மென்மையாக இருக்கிறதே என்று தலையைச் சொறிவது வழக்கம். பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டு வையுங்கள், அடிவரை மிதித்தால் பழைய மாஸ்டர் சிலிண்டர் சீல் கிழியலாம். பெயின்ற்றில் சிந்தினால் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். சில்லு போல்ட்டுகளுக்கு 130 நியூட்டன் மீற்றர், 50 கிலோமீற்றர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை.

வார இறுதியில் மட்டும் எடுக்கும் காரானால் பற்றரியின் சார்ஜ் இறங்காமல் வைக்கும் ஒரு மெயின்டெய்னர் மாட்டி வையுங்கள். பற்றரி முன்மூடிக்குக் கீழே இருக்கிறது, அந்த மூடியைத் திறப்பதும் மின்சாரம்தான். பற்றரி முழுதாக இறங்கினால் மூடி திறக்காது. அப்போது கால்வைக்கும் இடத்திலுள்ள பியூஸ் பெட்டியைத் திறந்து, அதிலுள்ள சிவப்பு முனையை வெளியே இழுத்து வேறொரு பற்றரியின் பிளஸ் வயரை அதில் மாட்டுங்கள். மைனஸ் வயரை கதவுப் பூட்டின் உலோகக் கொக்கியில் கொடுத்து, சாவிப் பொத்தானை அழுத்தினால் மூடி திறக்கும். இந்த வழியில் மூடியைத் திறக்கலாம், எஞ்சினை ஸ்டார்ட் செய்யப் பார்க்கவேண்டாம். அந்த வயர் அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்காது.