ஐம்பதுக்கு மேல் இருவராகக் கேம்பர் வேனில்: முதல் பயணத்துக்கு முன் செய்ய வேண்டியவை

பிள்ளைகள் அவரவர் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், வேலையில் ஓய்வு நெருங்குகிறது, இனி வீட்டில் நாம் இருவர்தான். இந்தக் கட்டத்தில், உள்ளேயே தூங்கிச் சமைத்துப் பயணிக்கும் கேம்பர் வேன் யோசனை நிறையப் பேருக்கு வருகிறது. எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய வேனை வாங்கி, எங்கள் வயதுக்கும் உடம்புக்கும் ஏற்ற மாதிரி ஒவ்வொன்றாக மாற்றினோம். இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் இளவயதுக்காரர்களுக்கானவை. மூட்டுவலி, இரவில் எழுந்திருப்பது, படிக்கும் கண்ணாடி, மாத்திரைப் பெட்டி, இதெல்லாம் அவற்றில் வராது. அதனால்தான் இந்தப் பதிவு.

வேன் தேர்வு, காப்பீடு, உரிமம் பற்றி இங்கே எழுதவில்லை. அவை இடத்துக்கு இடம் மாறும். வேன் கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: இரவை முதலில் திட்டமிடுங்கள்

எல்லோரும் சமையல் மேடையிலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் படுக்கையிலிருந்து தொடங்குங்கள். இந்த வயதில் ஒரு இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் முழுக்க அதன் பாரம் இருக்கும், வண்டி ஓட்டுவதும் அபாயம்.

முக்கியமான முடிவு, படுக்கையைக் குறுக்காகப் போடுவதா நீளவாக்கிலா என்பது. பெரிய வேன்களின் உள் அகலம் 1.8 மீட்டருக்குச் சற்று முன்பின் இருக்கும். சுவரில் வெப்பக்காப்பும் பலகையும் அடித்தபின் அதிலும் சில சென்டிமீட்டர் போய்விடும். உயரமானவர் குறுக்கே படுத்தால் தலையும் காலும் இடிக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், உள்பக்கம் படுப்பவர் நள்ளிரவில் கழிப்பறை போக மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். என் பரிந்துரை நீளவாக்கில் இரண்டு தனிப் படுக்கைகள், நடுவே நடைவழி. அந்த நடைவழியில் ஒரு பலகையும் மெத்தைத் துண்டும் வைத்தால் ஒரே கட்டிலாகவும் ஆகிவிடும்.

படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலைக்கு மேல் கை வைத்துப் பாருங்கள். மெத்தையிலிருந்து மேற்கூரை வரை 95 சென்டிமீட்டராவது வேண்டும். இல்லாவிட்டால் காலையில் குனிந்தபடியே உடை மாற்ற நேரும், முதுகு ஒரே வாரத்தில் சொல்லிவிடும்.

படி 2: எடை

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டியை நிரப்பினால், குண்டான ஒரு ஆளைக் கூடுதலாக ஏற்றிய மாதிரி. வண்டியின் ஆவணத்தில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை இருக்கும். தண்ணீர், எரிபொருள், துணிமணி எல்லாம் ஏற்றி, நீங்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்து, எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடை போடச் சொல்லுங்கள். மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் மீறியிருப்பது வேன்களில் சகஜம்.

அப்படியே டயரையும் பாருங்கள். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம் தயாரானது. கேம்பர் டயர்கள் தேய்வதற்கு முன்பே முதுமையாகிவிடும். மேலே பள்ளம் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

படி 3: மின்சாரம் (இங்கே கொஞ்சம் நின்று போவோம்)

எங்கள் வேனில் இரவு இரண்டு மணிக்கு ஃப்ரிட்ஜ் நின்றுவிடும். பேட்டரி மீட்டரைப் பார்த்தால் பாதிக்கு மேல் இருக்கும். காலையில் வெயில் வந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி ஓடும். பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள் என்றார் பார்த்தவர். பேட்டரியில் கோளாறே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கு.

ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகும் என்பதை வாட்-மணியில் எழுதுங்கள். கருவியின் வாட் அளவை ஓடும் மணிக்கணக்கால் பெருக்கினால் போதும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜுக்கு வெயில் காலத்தில் சுமார் 500. கூரை விசிறி 25 வாட், எட்டு மணி நேரத்துக்கு 200. விளக்குகள் 30, இரண்டு கைபேசிகள் 40, தண்ணீர் பம்பு 10.

அடுத்தது நம் வயதுக்கே உரிய ஒன்று: சிபாப் கருவி. தூக்கத்தில் மூச்சு தடைப்படுபவர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு உறங்குவார்களே, அது. ஈரப்பதமூட்டியும் சூடாக்கும் குழாயும் சேர்ந்து ஓடினால் ஒரு இரவுக்கு 400 வாட்-மணி வரை போகும். சூடாக்குவதை நிறுத்தினால் பெரும்பாலும் 150க்குள் அடங்கும். நிறுத்தலாமா என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்வெர்ட்டர் வழியாக ஓட்டாமல், அந்தக் கருவிக்கென்றே விற்கும் நேர்மின் மாற்றியை வாங்குங்கள். பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக்கி, அதை மறுபடி இறக்குவதில் வீணாகும் மின்சாரம் மிச்சமாகும்.

கூட்டினால் சுமார் 930 வாட்-மணி. 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1280 வாட்-மணி இருக்கும், அதில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். அதே அளவு ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆகவே கைக்கு வருவது 600 மட்டும். நான் லித்தியம் பக்கம்தான். எடையும் பாதிக்கும் குறைவு, படி 2 நினைவிருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: வெப்பநிலை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும்போது லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. குளிர்ப் பிரதேசம் போவதாக இருந்தால் தானே சூடாகிக்கொள்ளும் வகையை வாங்குங்கள், அல்லது பேட்டரியை வாழும் பகுதிக்குள் வையுங்கள்.

200 வாட் சோலார் பலகை நல்ல வெயில் நாளில் 700 வாட்-மணி அளவுக்குத் தரும். மீதியை வண்டி ஓடும்போது எஞ்சினிலிருந்து எடுக்க ஒரு டிசி-டிசி சார்ஜர் வேண்டும். 30 ஆம்பியர் சார்ஜர் ஒரு மணி நேர ஓட்டத்தில் 350 வாட்-மணி சேர்த்துவிடும். சோலாருக்கு எம்பிபிடி கட்டுப்படுத்தி (பலகையிலிருந்து முடிந்தவரை அதிக மின்சாரத்தை எடுத்துப் பேட்டரிக்கு அனுப்பும் வகை) வாங்குங்கள். மலிவான பிடபிள்யூஎம் வகையில் மிச்சப்படுத்தும் பணத்தை மேகமூட்டமான நாட்களில் இழப்பீர்கள்.

சரி, அந்த ஃப்ரிட்ஜ். வேனை முன்பு வைத்திருந்தவர் பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை 5 மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருந்தார். போக 5, வர 5, ஆக 10 மீட்டர் செம்பு. 5 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 0.6 வோல்ட் காணாமல் போகும். அப்போது வேனில் இருந்தது ஈய-அமில பேட்டரி. இரவில் அதன் முனையில் 12.1 இருந்தால் ஃப்ரிட்ஜுக்குப் போய்ச் சேர்வது 11.5. பேட்டரியைக் காப்பாற்ற ஃப்ரிட்ஜில் ஒரு குறைந்தபட்ச வரம்பு வைத்திருப்பார்கள். அந்த வரம்பைத் தொட்டதும் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்றால், ஃப்ரிட்ஜ் நின்றபின் அளந்தால் எல்லாம் சரியாகத் தெரியும். மின்னோட்டம் இல்லாதபோது வயரில் இழப்பும் இல்லை. பேட்டரி முனையிலும் ஃப்ரிட்ஜ் முனையிலும் ஒரே எண்தான் வரும். அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒருவர் ஃப்ரிட்ஜில் கை வைத்து, கம்ப்ரசர் அதிர ஆரம்பித்ததும் குரல் கொடுக்கட்டும். மற்றவர் அந்த நொடியில் மல்டிமீட்டரை முதலில் பேட்டரி முனையிலும் உடனே ஃப்ரிட்ஜ் செருகியிலும் வைத்துப் படிக்கட்டும். வித்தியாசம் 0.3 வோல்ட்டைத் தாண்டினால் வயரை மாற்றுங்கள். நாங்கள் 6 சதுர மில்லிமீட்டர் போட்டோம். அன்றிரவு முதல் ஃப்ரிட்ஜ் நிற்கவில்லை.

வயரை மாற்றும்போதே சிகரெட் லைட்டர் வகைச் செருகியையும் தூக்கிப் போடுங்கள். வண்டி அதிர அதிர அது தளர்ந்து, சூடாகும். ஆண்டர்சன் கனெக்டர் (அதிக மின்னோட்டம் தாங்கும், இறுக்கமாகப் பொருந்தும் செருகி) போட்டால் கவலை இல்லை. வயர் முனைகளுக்குக் கிரிம்ப்தான் (உலோக முனையை வயரோடு நசுக்கிப் பொருத்துவது), ஈயப்பற்று வேண்டாம். பற்றவைத்த இடம் விறைத்துப்போய், அதிர்வில் அதன் ஓரத்தில் செம்பு இழைகள் ஒடியும். நல்ல கிரிம்பர் கொஞ்சம் விலைதான், ஆனால் இந்த முழு வேலையில் நான் மிகவும் விரும்பும் கருவி அதுதான்.

ஃபியூஸை மறக்காதீர்கள். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் வயரைக் காப்பாற்றத்தான், ஆகவே அதன் அளவு வயர் தாங்கும் அளவுக்குள் இருக்கட்டும். ஃபியூஸ் பெட்டியில் ஒவ்வொன்றின் பெயரையும் பெரிய எழுத்தில், கண்ணாடி போடாமல் டார்ச் வெளிச்சத்தில் படிக்கும்படி எழுதி ஒட்டுங்கள்.

வீட்டு மின்சாரத்தை வேனுக்குள் கொண்டுவரும் இணைப்பு மட்டும் தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் வேலை. அதில் கை வைக்காதீர்கள்.

படி 4: காற்று

இருவர் மூடிய வேனில் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு இரவில் ஒரு லிட்டர் வரை ஈரம் சேரும். அது கண்ணாடியில் வழிந்தால் தெரிந்துவிடும். மெத்தைக்கு அடியில் சேர்ந்து பூஞ்சை பிடித்தால் தெரியாது. கட்டிலை முழுப் பலகையாக அடைக்காமல், இடைவெளி விட்ட சட்டங்களாகப் போடுங்கள். கூரைத் திறப்பும் கீழே ஒரு ஜன்னலும் எப்போதும் இரண்டு விரல் திறந்திருக்கட்டும். குளிரிலும்தான்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஒரு இரவும் தூங்காதீர்கள். அந்த வாயுவுக்கு மணமில்லை. சமையல் அடுப்பை அறை சூடாக்கப் பயன்படுத்தவே கூடாது. எரிவாயுக் கசிவுக்குத் தனிக் கருவி வேண்டும். புரோப்பேன் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும், ஆகவே அந்தக் கருவியைத் தரைக்கு அருகே மாட்டுங்கள்.

படி 5: இருவருக்கும் எல்லாம் தெரியட்டும்

நான் இந்தப் பதிவை எழுதக் காரணமே இந்தப் படிதான்.

இத்தனை வருடக் குடும்பத்தில் வேலைகள் தாமாகவே பிரிந்துவிட்டன. வண்டி, வங்கி, மின்சாரம் என் கணவருடையது. சமையல், மருந்து, துணி என்னுடையது. யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை, அப்படியே ஆகிவிட்டது. பெரிய வீட்டில் அது ஓடும். வேனில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால், மற்றவருக்குத் தண்ணீர் வால்வு எங்கே இருக்கிறது என்றே தெரியாவிட்டால் என்ன செய்வது?

நாங்கள் வேண்டுமென்றே மாற்றிக்கொண்டோம். மின்சாரத்தை நான் எடுத்துக்கொண்டேன். முதல் முறை ஃபியூஸ் பெட்டியைத் திறந்தபோது, "ஏங்க, இதுல சிவப்பு எங்க போகுது?" என்று கேட்டேன். "நீயே பார்த்துச் சொல்லு, நானும் கத்துக்கிறேன்" என்றார். அவர் அடுப்பையும் அலமாரிகளையும் எடுத்துக்கொண்டார். என் மாத்திரைகள் எந்த வேளைக்கு எது என்று இப்போது அவருக்கு மனப்பாடம். பிள்ளைகள் போனபின் எங்கள் பேச்சு பாதிக்கும் மேல் அவர்களைப் பற்றித்தான் இருந்தது. இப்போது வேனைப் பற்றியும், நாளை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றியும், எங்களைப் பற்றியும் பேசுகிறோம். இது எனக்கு மிகப் பெரிய விஷயம்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். நிறுத்துவது, சமன் செய்வது, எரிவாயு மூடுவது, கழிவுத் தொட்டி காலி செய்வது, டயர் காற்று பார்ப்பது, ஓட்டுவது, இவை ஒவ்வொன்றையும் இருவரும் தனியாகச் செய்து பார்க்க வேண்டும். மற்றவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கக் கூடாது, கேட்டால் மட்டும் பதில். பின்னோக்கி எடுக்கும்போது கைச் சைகைகளை முன்கூட்டியே பேசிவையுங்கள். வழிகாட்டுபவர் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியாத நொடியில் வண்டி நிற்க வேண்டும் என்பது ஒரே விதி.

தனியாக இருக்கும் நேரத்தையும் திட்டத்தில் சேருங்கள். ஆறேழு சதுர மீட்டரில் இருவர் நாள் முழுக்க இருப்பது எளிதல்ல. தினமும் ஒரு மணி நேரம் ஒருவர் வெளியே நடக்கட்டும், மற்றவர் உள்ளே இருக்கட்டும். கோபம் வந்தபின் எழுந்து போவதைவிட இது எவ்வளவோ மேல்.

படி 6: ஒத்திகை

முதல் இரண்டு இரவுகளை வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் கழியுங்கள். வீட்டுக்குள் போய் எதையும் எடுத்துவரக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காகிதத்தில், தேடியும் கிடைக்காதவை, தொடவே தொடாதவை என்று இரண்டு பட்டியல் எழுதுங்கள். இரண்டாவது பட்டியல்தான் நீளமாக இருக்கும். அவற்றை இறக்கிவிட்டு மறுபடி எடை போடுங்கள்.

பின்னர் சேர்த்தது

இன்சுலின் எப்படி வைப்பது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், உறையவிடக் கூடாது. கம்ப்ரசர் ஃப்ரிட்ஜில் உலோகச் சுவரை ஒட்டிய இடம் உறைநிலைக்குப் போகலாம். நடுவில், துணி சுற்றிய டப்பாவில் வைத்து, உள்ளே ஒரு சிறு வெப்பமானியும் போடுங்கள். பயன்பாட்டில் இருக்கும் பேனாவுக்கான விதி மருந்துக்கு மருந்து வேறுபடும், உறையில் உள்ளதைப் பின்பற்றுங்கள்.

இன்னொருவர், எல்லாம் சரியாகச் செய்தும் சில வாரங்களில் பேட்டரி முனை சூடாகிறது என்றார். அதிர்வில் நட்டு தளர்ந்திருக்கும். முதல் நீண்ட ஓட்டம் முடிந்ததும் எல்லா முனைகளையும் டார்க் ஸ்பேனரால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) பேட்டரிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். முடுக்கும் முன் சோலார் பலகையைத் துண்டித்து, அடுத்து எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள். ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப்பும் சுற்றிக்கொள்ளுங்கள்.