காவல் கொட்டிலுக்கு எந்த வயர்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் யானைக்கும் பன்றிக்கும் இராக்காவல் இருக்கிற கொட்டில்களில் இப்போது சோலர் தகடும் 12 வோல்ற் பற்றரியும் வந்துவிட்டன. எல்.ஈ.டி லைட், சென்சர், சைரன் என்று தாங்களே பூட்டிப் பார்க்கிற பொடியளும் இருக்கிறார்கள். பற்றரியை விசாரித்து விசாரித்து வாங்குவார்கள். வயர் மட்டும் வீட்டு மூலையில் கிடந்த பழைய கரண்ட் வயர்!

"230 வோல்ற்றைத் தாங்குகிற வயர் 12 வோல்ற்றைத் தாங்காதா?" இதுதான் முதல் பிழை. வோல்ற்றைத் தாங்குவது மேலே இருக்கிற பிளாஸ்டிக். உள்ளே செம்புக்கு அம்பியர்தான் கணக்கு. 60 வாற்ஸ் லைட் 230 வோல்ற்றில் கால் அம்பியர் அளவுதான் எடுக்கும். 12 வோல்ற்றில் 5 அம்பியர்.

அதைவிட அதிகம் பேர் சறுக்குவது தூரத்தில். கொட்டிலில் இருந்து லைட் நிற்கிற வயல் வரம்பு 10 மீற்றர் தூரம் என்றால் கணக்குக்கு வயர் 20 மீற்றர், போன மின்சாரம் திரும்பியும் வரவேண்டுமே. 1 சதுர மில்லிமீற்றர் செம்புக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 0.018 ஓம் தடை. 20 மீற்றருக்கு 0.36 ஓம். 5 அம்பியர் ஓடினால் 1.8 வோல்ற் வழியிலேயே போய்விடும். தொட்டுப் பார்த்தால் வயர் சுடாது, அதனால் யாரும் அதைச் சந்தேகிப்பதுமில்லை; பற்றரி சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை. 2.5 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு 0.7 வோல்ற்தான்.

5 வோல்ற்றில் நிலைமை இன்னும் மோசம். ராஸ்பெரி பை என்கிற கையடக்கக் கணினிப் பலகை 4.63 வோல்ற் அளவுக்கு இறங்கினாலே மின்னழுத்தம் போதாது என்று எச்சரிக்கும். தூரத்துக்கு 5 வோல்ற்றை இழுக்காதீர்கள். 12 வோல்ற்றைக் கொண்டுபோய், அந்த இடத்தில் வைத்து 5 ஆக்குங்கள்.

வயரின் தடிப்பை வெளியே பார்த்து எடுப்பதும் பிழை. உறை தடிப்பாக, உள்ளே நாலு நார் இருக்கும். 7/0.67 என்று போட்டிருந்தால் 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள 7 இழை, அதாவது சுமார் 2.5 சதுர மில்லிமீற்றர். கேஜ் கணக்கில் வந்தால் தலைகீழ்: 22 மெல்லியது, 18 தடிப்பு. பிறகு ஒரு இழையை பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறத்துக்குள் வெள்ளை தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். தடை செம்பைவிட ஒன்றரை மடங்கு. மலிவு என்று வாங்கினால் அதற்கேற்பத் தடிப்பான வயராக எடுக்க வேண்டும். பிரெட்போர்ட் என்கிற சோதனைப் பலகையில் குத்துகிற மெல்லிய ஜம்பர் வயரில் மோட்டரை ஓட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பியூஸ் பற்றரியின் பிளஸ் முனைக்குக் கிட்ட இருக்கட்டும். லைட்டுக்குப் பக்கத்தில் போட்டால், நடுவில் எலி கடித்து ஷோர்ட் ஆகும்போது அது எரியாது, வயர்தான் எரியும், மேலே கிடுகு. பியூஸின் அளவும் வயர் தாங்குகிற அம்பியரைத் தாண்டக்கூடாது.

எல்லாம் பூட்டியபின் லைட்டைப் போட்டுவிட்டு வோல்ற் மீற்றரை லைட் முனையில் வையுங்கள். லைட் அணைந்திருக்கும்போது அளந்தால் எந்த வயரும் 12 காட்டும்.