தண்டர்பேர்டு கடவுச்சொல்லை ஏற்க மறுத்தால்

கடவுச்சொல் தவறு என்று, கணினியில் மெயில் பார்க்க உதவும் தண்டர்பேர்டு மென்பொருள் திரும்பத் திரும்பச் சொன்னால், பதறிப்போய்க் கணக்கை நீக்கிவிடாதீர்கள். என்னிடம் உதவி கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பிரவுசரைத் திறந்து, அதே முகவரி, அதே கடவுச்சொல்லோடு உள்ளே போய்ப் பாருங்கள். அங்கேயும் நுழைய முடியாவிட்டால் கோளாறு கணக்கில்தான். மென்பொருளைத் தொடவே வேண்டாம்.

அங்கே திறக்கிறது, இங்கே மட்டும் மறுக்கிறது என்றால், ஜிமெயில் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் கடவுச்சொல்லோடு வெளி மென்பொருள்கள் நுழைவதை, தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே இறுதியில் கூகுள் நிறுத்தியது. ஆகவே கணக்கு அமைப்புகளில் சர்வர் பகுதிக்குப் போய், சரிபார்ப்பு முறையை ‘ஓஆத் 2’ (OAuth2, அதாவது கூகுளின் சாளரத்திலேயே நுழைந்து அனுமதி தரும் முறை) என மாற்றுங்கள். அனுப்பும் சர்வருக்கும் தனியாக மாற்ற வேண்டும். பலரும் இதைத்தான் விட்டுவிட்டு, மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை என்று தவிக்கிறார்கள். கூகுளின் நுழைவுச் சாளரம் மறுபடி மறுபடி வந்தால், தண்டர்பேர்டில் குக்கீகளை அனுமதித்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

மற்ற சேவைகளில், சேமித்து வைத்த பழைய கடவுச்சொல்லே பெரும்பாலும் காரணம். தனியுரிமை, பாதுகாப்புப் பகுதியில் அதை அழித்துவிட்டு மென்பொருளை மூடித் திறந்தால் புதியதைக் கேட்கும். சர்வரோடு இணையும் போர்ட் எண்களையும் ஒருமுறை பாருங்கள்: மெயிலைப் பெறும் ஐமேப்புக்கு (IMAP) 993, அனுப்ப 465 அல்லது 587.