சிரிக்க வைப்பவரைப் பற்றி எழுதுபவர்கள் கோட்டை விடும் இடங்கள்

அமெரிக்க ஆண்கள் பத்திரிகைகளில் இரண்டு பகுதிகளுக்கு ஆயுசு கெட்டி. ஒன்று, வாசகர் கேள்விக்கு யோசனை சொல்லும் பகுதி. இன்னொன்று, நகைச்சுவைக் கலைஞரைப் பற்றிய நீளமான ப்ரொஃபைல் கட்டுரை. 1933-இல் தொடங்கிய எஸ்கொயர், 1953-இல் வந்த பிளேபாய், அப்புறம் ஜிக்யூ என்று எல்லாருமே இரண்டையும் செய்து பார்த்திருக்கிறார்கள். இப்படி எழுத ஆசைப்படுகிறவர்கள் அவற்றைப் படித்தே பழகுவதால், நல்லதோடு கெட்ட பழக்கங்களும் சேர்ந்தே ஒட்டிக்கொள்கின்றன. பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்: எழுதுபவர் தன் சாமர்த்தியத்தைக் காட்டப் போய், எதிரே இருக்கும் ஆளைப் பார்க்க மறந்துவிடுகிறார்.

மேடையில் கேட்ட ஜோக்கைத் தூக்கி அப்படியே கட்டுரையில் போடுவது முதல் தவறு. மேடையில் அது சிரிப்பை வரவழைத்ததற்குக் காரணம் வார்த்தை மட்டும் இல்லை. நிறுத்தி மூச்சு விட்ட நேரம், குரல் இறங்கிய இடம், முன்வரிசையில் ஒருவர் நெளிந்தது எல்லாம் சேர்ந்துதான் சிரிப்பு வந்தது. அவற்றை எழுதாமல் பஞ்ச்லைனை மட்டும் எழுதினால், அந்தக் கலைஞருக்கு ஏன் இவ்வளவு பேர் என்றுதான் வாசகர் யோசிப்பார்.

இதைவிட மோசமானது, இன்னும் வெளிவராத ஜோக்கை அச்சில் உடைத்துவிடுவது. அமெரிக்க மேடை நகைச்சுவைக் கலைஞர் ஜெர்ரி சைன்ஃபெல்ட் 1998-இல் தன் பழைய சரக்கையெல்லாம் கடைசியாக ஒருமுறை மேடையேற்றிவிட்டு மூட்டை கட்டினார். பிறகு சின்ன கிளப்புகளில் ஒன்றுமில்லாமல் ஆரம்பித்து, தடுமாறி, வரி மறந்து நின்றதை 2002-இல் வந்த ஓர் ஆவணப்படம் காட்டியது. இன்னொரு நகைச்சுவைக் கலைஞரான கிறிஸ் ராக்கும் பெரிய சுற்றுப்பயணத்துக்கு முன் சின்ன அரங்குகளில் குறிப்புத்தாளோடு ஏறிச் சோதித்துப் பார்ப்பவர். இப்படிப் பல ராத்திரி செதுக்கியதை நீங்கள் ஒரு பத்தியில் போட்டுவிட்டால், டிக்கெட் வாங்கியவர் முன்னால் அவர் தோற்றுப்போவார். ஜோக் எப்படி மாறிக்கொண்டே வந்தது என்று எழுதுங்கள். முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள்.

அடுத்தது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கும் தவறு: ‘வெளியே சிரிப்பு, உள்ளே அழுகை’ என்ற அச்சில் எல்லாரையும் வார்ப்பது. நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்டில் இறந்தபோது, சோகக் கோமாளி என்ற கதை உடனே பரவியது. பிரேதப் பரிசோதனையில் லூயி பாடி என்ற கடுமையான மூளை நோயின் அடையாளங்கள் தெரிந்தன. அந்த மாதங்களில் அவர் பட்ட பாட்டை அவர் மனைவி 2016-இல் ஒரு நரம்பியல் இதழில் விரிவாக எழுதினார். வில்லியம்ஸுக்கு மனச்சோர்வும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதரின் மூளையில் நடந்ததை அவர் தொழிலின் குணமாக மாற்றி எழுதியது பெரிய அநியாயம். துக்கம் இருந்தால் அவரே சொல்லட்டும். நீங்கள் தோண்டி எடுத்துப் பொருத்தாதீர்கள்.

ஓட்டலில் ஒருவேளைச் சாப்பாட்டில் பேட்டி எடுத்துவிட்டு, கலைஞர் என்ன சாப்பிட்டார் என்று ஆரம்பிப்பதையும் விட்டுவிடலாம். 1966-இல் எஸ்கொயருக்காகப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவைப் பற்றி எழுதிய கே தலீஸுக்கு அவர் பேட்டியே தரவில்லை. தலீஸ் சுற்றியிருந்தவர்களிடம் பேசி, தள்ளி நின்று கவனித்து எழுதினார். பாடகரைப் பற்றியது என்றாலும், நகைச்சுவைக் கலைஞருக்கும் அதே வழிதான். கிளப் மேலாளர், முன்னால் மேடையேறும் புதியவர், சேர்ந்து எழுதுபவர் என்று கேட்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அப்புறம், அந்தக் கலைஞரோடு போட்டி போட்டு நீங்களும் ஜோக் அடிக்க வேண்டாம்.

சரி, ஆலோசனைப் பகுதிக்கு வருவோம். பிளேபாய் 1960-இல் தொடங்கிய பகுதி ஸ்டீரியோ முதல் படுக்கையறை வரை எதையும் கேட்கவிட்டது. வேடிக்கையான நடை இருந்தாலும், விசாரித்துப் பதில் சொல்வார்கள் என்ற நம்பிக்கைதான் அதன் பலம். இன்று நகைச்சுவை தெரிந்தவரிடம் இந்த வேலையைக் கொடுப்பது சகஜம். அதில் தப்பில்லை. தொலைக்காட்சி நையாண்டி நிகழ்ச்சியிலிருந்து வந்த ஸ்டேசி கிரென்ராக் வுட்ஸ், எஸ்கொயரில் பாலியல் கேள்விகளுக்குப் பல வருடம் பதில் எழுதினார். கடிதம் எழுதியவரையே கேலிப்பொருள் ஆக்குவதுதான் தப்பு. வெட்கத்தை விட்டுக் கேட்டவரை ஒருமுறை சிரித்து அனுப்பினால், இன்னும் கேட்காமல் இருப்பவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள்.

உடம்பு சம்பந்தப்பட்ட கேள்வியில் இந்த விளையாட்டு ஆபத்து. விறைப்புக் குறைவு என்று ஒருவர் எழுதினால் அதில் ஜோக்குக்கு வழி நிறைய உண்டு. ஆனால் அது இதய ரத்தக்குழாய் நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் கூடவே வயாகராவையும் போட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக இறங்கிவிடும். டாக்டரைப் பார்க்கச் சொல்லும் வரியும், இந்த எச்சரிக்கையும் இல்லாத பதிலை, எவ்வளவு சிரிப்பு வந்தாலும், அச்சுக்கு அனுப்பாதீர்கள்.