சராசரி வேகம்: இரண்டு வேகத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் ஏன் தப்பு?

ஒரு கார் போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, அதே வழியில் திரும்பும்போது மணிக்கு 40 கிலோமீட்டர். சராசரி வேகம் எவ்வளவு? சட்டென்று 50 என்றுதான் வாயில் வரும். வினாத்தாள் எழுதுகிறவருக்கும் அது தெரியும், அதனால்தான் கொடுக்கும் நான்கு விடைகளில் ஒன்றாக 50-ஐயும் வைத்துவிடுவார். சரியான விடை 48.

சராசரி வேகம் என்றால் மொத்தத் தொலைவை மொத்த நேரத்தால் வகுப்பது, அவ்வளவுதான். வேகங்களின் சராசரி என்று எந்த இடத்திலும் அந்த வரையறை சொல்லவில்லை. மேலே உள்ள கணக்கில் தொலைவையே கொடுக்கவில்லையே, எப்படி வகுப்பது என்றால், நீங்களே ஒரு தொலைவை வைத்துக்கொள்ளலாம். 60, 40 இரண்டாலும் வகுபடும் எண்ணாகப் பார்த்து 120 கிலோமீட்டர் என்று வைப்போம். போக 2 மணி நேரம், வர 3 மணி நேரம். மொத்தம் 240 கிலோமீட்டர், 5 மணி நேரம், வகுத்தால் 48. 120-க்குப் பதில் 300 வைத்தாலும் இதேதான் வரும், சந்தேகம் இருந்தால் போட்டுப் பாருங்கள். ஏன் 50-க்குக் கீழே போகிறது? மெதுவாக ஓடிய நேரம்தான் அதிகம். எந்த வேகத்தில் அதிக நேரம் ஓடுகிறதோ, அந்தப் பக்கம் சராசரி சாயும்.

சரி, கூட்டி இரண்டால் வகுப்பது எப்போதுமே தப்பா என்றால், இல்லை. 2 மணி நேரம் 60-லும் இன்னொரு 2 மணி நேரம் 40-லும் ஓடியிருந்தால் மொத்தம் 200 கிலோமீட்டர், 4 மணி நேரம், சராசரி அச்சாக 50. ஆகவே வினாவில் தேட வேண்டியது ஒரே ஒரு சொல்: 'பாதித் தூரம்' என்று இருக்கிறதா, 'பாதி நேரம்' என்று இருக்கிறதா? நேரம் சமம் என்றால் சாதாரணச் சராசரி போதும். தூரம் சமம் என்றால் இரண்டு வேகத்தையும் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்: 2 × 60 × 40 ÷ 100 = 48. இந்தக் குறுக்குவழியை மனப்பாடம் செய்துகொண்டு கண்ட இடத்திலெல்லாம் போடுகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது, என்னைக் கேட்டால் அதைத் தெரியாமலே இருப்பது நல்லது. இரண்டும் சமமில்லாத கணக்கு வந்தால் அது உதவாது.

அந்த மாதிரிக் கணக்குக்கு ஓரத்தில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: தொலைவு, வேகம், நேரம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரி. ஒரு பேருந்து முதலில் 1 மணி 30 நிமிடம் மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடுகிறது, அப்புறம் 30 நிமிடம் நிற்கிறது, பிறகு 60 கிலோமீட்டரை மணிக்கு 40 வேகத்தில் கடக்கிறது. முதல் வரியில் தொலைவு இல்லை, பெருக்கினால் 75. மூன்றாவது வரியில் நேரம் இல்லை, வகுத்தால் 1.5 மணி. நடுவில் நின்ற வரியில் தொலைவு பூச்சியம், ஆனால் நேரம் 0.5 மணி, அதை விட்டுவிடக் கூடாது. மொத்தம் 135 கிலோமீட்டர், 3.5 மணி, சராசரி ஏறத்தாழ 38.6. ஓடிய இரண்டு வேகத்தையும்விடக் குறைவாக வந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம், நின்ற நேரம் செய்த வேலை அது. எங்குமே நிற்காத பயணம் என்றால் மட்டும் விடை, இருப்பதில் குறைந்த வேகத்துக்கும் அதிக வேகத்துக்கும் இடையில் வந்தாக வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ பிசகியிருக்கிறது.

பிசகுவது பெரும்பாலும் அலகில். 1 மணி 20 நிமிடத்தை 1.20 என்று எழுதிவிடுகிறார்கள். அது 80 நிமிடம், அதாவது 80/60, 1.33 மணி. மணிக்குக் கிலோமீட்டரை வினாடிக்கு மீட்டராக்க 5/18-ஆல் பெருக்குங்கள், திருப்பி மாற்ற 18/5.

உண்மையான ஓட்டம் ஒன்றைப் பார்ப்போம். 2009-இல் பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். சராசரி 10.44 மீ/வி, மணிக்குக் கிட்டத்தட்ட 37.6 கிலோமீட்டர். 20 மீட்டர் 20 மீட்டராகப் பிரித்தால் அவர் எடுத்த நேரம் 2.89, 1.75, 1.67, 1.61, 1.66 வினாடி. முதல் துண்டில் வேகம் 6.92 மீ/வி மட்டுமே, புறப்படுவதற்கே நேரம் போய்விடுகிறது. நான்காவது துண்டில் 12.42. இப்போது இந்த ஐந்து துண்டின் வேகத்தையும் கூட்டி ஐந்தால் வகுத்துப் பாருங்கள், 10.96 வரும். அந்தச் சராசரியில் ஓடியிருந்தால் 9.12 வினாடியிலேயே முடித்திருப்பார், அதாவது உலக சாதனையில் கிட்டத்தட்ட அரை வினாடியை நம் தப்புக் கணக்கு தின்றுவிட்டது!

ஒரு குறும்புக் கேள்வியும் அடிக்கடி வரும். பாதித் தூரத்தை மணிக்கு 30-இல் கடந்துவிட்டீர்கள், முழுப் பயணத்துக்கும் சராசரி 60 வர மீதியை எவ்வளவு வேகத்தில் ஓட்ட வேண்டும்? 90 என்று எழுதாதீர்கள். மொத்தம் 60 கிலோமீட்டர் என்று வையுங்கள். சராசரி 60 வர மொத்தமே 1 மணி நேரம்தான் இருக்கிறது, முதல் 30 கிலோமீட்டரே அந்த 1 மணி நேரத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டது. மீதிக்கு நேரமே இல்லை, எந்த வேகத்தில் ஓட்டினாலும் முடியாது.

சராசரி திசைவேகம் கேட்டால் கதை வேறு. அங்கே தொலைவுக்குப் பதில் இடப்பெயர்ச்சி, அதாவது தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடத்துக்கு நேர்கோட்டில் எவ்வளவு, எந்தத் திசையில் என்பது. 70 மீட்டர் ஆரமுள்ள வட்டப் பாதையில் அரைச் சுற்றை 44 வினாடியில் ஓடினால் தொலைவு 220 மீட்டர், சராசரி வேகம் 5 மீ/வி. இடப்பெயர்ச்சி விட்டம் மட்டும், 140 மீட்டர், ஆகவே சராசரி திசைவேகத்தின் அளவு ஏறத்தாழ 3.18 மீ/வி. முழுச் சுற்று ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் அது பூச்சியம்.

தொடக்க வேகத்தையும் இறுதி வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுக்கும் சூத்திரம் பாடத்தில் இருக்கிறதே என்றால், அது நேர்கோட்டில், திசை மாறாமல், சீரான முடுக்கத்தில் போகும்போது. அங்கே வேகம் நேரத்தோடு ஒரே சீராக ஏறுகிறது. வேகம்–நேரம் வரைபடம் கொடுத்தால் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைக் கண்டுபிடித்து மொத்த நேரத்தால் வகுத்துவிடுங்கள், சீரோ சீரில்லையோ, கவலையில்லை.

போட்டுப் பார்க்க ஒன்று: ஒரு பயணத்தில் முதல் மூன்றில் ஒரு பங்குத் தூரம் மணிக்கு 20, அடுத்த பங்கு 30, கடைசிப் பங்கு 60. ஒவ்வொரு பங்கும் 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் வேலை சுலபம். விடை 30. உங்களுக்கு 36.67 வந்திருந்தால் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.