குளத்துக்குக் கொடுத்தால் கடைக்கு ஆள் வருமா?

கோவை சிங்காநல்லூரில் பதினோரு வருடமாகக் காபித்தூள் கடை வைத்திருக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம், வறுக்க ஒரு மெஷின், அரைக்க ஒரு மெஷின், உதவிக்கு ஒரு பெண். போன மாதம் தெருமுனையில் பேக்கரி ஆரம்பித்த தம்பி ஒருவர் வந்து கேட்டார்: "ஏனுங்க்கா, நீங்க குளத்துக்கெல்லாம் குடுக்கறீங்களே, அதனால ஏவாரம் ஏறுச்சுங்களா? நானும் ஏதாச்சும் செய்யலாம்னு பாக்கறனுங்க." எங்கள் ஊர்க் குளத்தைச் சுத்தம் செய்கிற பிள்ளைகளுக்குக் கடையிலிருந்து காசும் சாக்கும் கொடுப்பதைத்தான் கேட்டார். தூள் அரைத்துக்கொண்டே அவருக்குப் பாதி சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

புது ஆளைக் கடைக்குள் இழுப்பது வறுக்கும் மணம்தான். அதை வேறு எதுவும் ஜெயிக்காது. குளத்துக்குக் கொடுப்பது, வந்தவரை நம்மிடமே நிற்க வைக்கும். சில நேரம் அவர் வாயால் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவரும். அதுவும் எப்படிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நான் முதலில் கொடுத்த கொடை ஒருத்தரையும் கொண்டுவரவில்லை. இருந்த ஒருவரையும் கிளப்பிவிடப் பார்த்தது.

அந்தக் கதை இது. 'ஒரு கிலோ தூளுக்கு ஒரு மரம்' என்று ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டினேன் (மரத்துக்காக ஃப்ளெக்ஸ்! இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது). எங்கோ வடக்கே மரம் நடுகிறோம் என்று சொன்ன ஓர் அமைப்புக்கு மாதாமாதம் பணம் போனது. அவர்கள் பளபளவென்று ஒரு சான்றிதழ் அனுப்பினார்கள். அதையும் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். எட்டு மாதம் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்பதாவது மாதம், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், பிளான்டேஷன் ஏ, பீபெர்ரி என்ற இரண்டு வகைக் கொட்டையும் பாதிப்பாதி, சிக்கரி கூடவே கூடாது என்று வாங்குகிறவர், சான்றிதழைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "அம்மிணி, நான் வாங்குன கிலோவுக்கெல்லாம் மரம் எங்க நட்டிருக்காங்க? எத்தனை பொழைச்சிருக்குது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அமைப்புக்குப் போன் போட்டேன், மெயில் போட்டேன். இன்னொரு சான்றிதழ் வந்தது. வாத்தியார் அடுத்த இரண்டு மாதம் வரவில்லை. தூளில் என்ன கலக்கிறேன் என்பதையும் இதே போலத்தான் சொல்வேனோ என்று அவருக்குத் தோன்றியிருக்கும். காபித்தூள் வியாபாரத்தில் அந்தச் சந்தேகம் ஒன்று வந்துவிட்டால் போதும், கடையைச் சாத்திவிடலாம்.

ஆகவே, எதற்குக் கொடுப்பதாக இருந்தாலும், வாங்க வருகிறவர் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் அது இருக்கட்டும். எங்களுக்குச் சிங்காநல்லூர் குளம் இருக்கிறது. நொய்யல் தண்ணீர் வந்து சேரும் குளம். நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலம் என்று மாநகராட்சியே அறிவித்த இடம். கூழைக்கடா வரும், நாமக்கோழி வரும், தண்ணீர் தெரியாத அளவுக்கு ஆகாயத்தாமரையும் வரும். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் தினம் போய்வருகிறவர்கள். நான் பொய் சொன்னால் மறுநாள் காலையில் தெரிந்துவிடும். உங்கள் ஊரில் ஏரியோ, கோயில் தெப்பக்குளமோ, பள்ளிக்கூட மைதானத்து வேப்பமரமோ இருக்கும்.

இனிக் கணக்கு. இங்கேதான் சின்னக் கடைக்காரர்கள் சறுக்குகிறோம். அமெரிக்காவில் படகோனியா என்ற துணிக் கம்பெனி 1985 முதல் விற்பனையில் ஒரு சதவீதத்தை இயற்கைக்குக் கொடுத்துவருகிறது. அதன் நிறுவனர் யுவோன் ஷூய்னார், கிரெய்க் மேத்யூஸ் என்பவரோடு சேர்ந்து 2002ல் அதை ஓர் இயக்கமாகவே ஆக்கினார். அதைப் படித்துவிட்டு நானும் ஒரு சதவீதம்தானே என்று துள்ளினேன். பிறகு பேனா எடுத்தேன். மாத விற்பனை மூன்று லட்சம் என்று வையுங்கள். வாடகை, கூலி, கரண்ட் எல்லாம் போக என் கையில் நிற்பது முப்பதாயிரம். விற்பனையில் ஒரு சதவீதம் என்றால் 3,000 ரூபாய். அதாவது என் வருமானத்தில் பத்து சதவீதம்! கிலோவுக்குச் சரக்கு விலை போக எனக்கு 110 ரூபாய் மிஞ்சும். அந்த 3,000 ரூபாய் திரும்ப வரவேண்டும் என்றால், மாதம் ஒரு கிலோ வாங்கும் குடும்பம் புதிதாக 28 வரவேண்டும். வந்தவர்கள் மாதா மாதம் நிற்கவும் வேண்டும். நீங்களும் உங்கள் கடைக்கு இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பாருங்கள். பலகாரக் கடைக்கு ஒரு விடை வரும், தையல் கடைக்கு வேறு விடை வரும். விடை உங்களைப் பயமுறுத்தினால் விற்பனைக் கணக்கில் வாக்குக் கொடுக்காதீர்கள்.

நான் வேறு வழிக்குப் போனேன். எப்படியும் செலவாகிற காசில் மிச்சம் பிடித்துக் கொடுப்பது.

காபித்தூள் பையில் உள்ளே அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். இல்லாவிட்டால் மணம் போய்விடும். பழைய பேப்பர்காரர்கூட அதை எடுக்க மாட்டார். அரைக்கிலோ பை எனக்கு 4 ரூபாய் அடக்கம். வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்தால் அந்த 4 ரூபாய் எனக்கு மிச்சம். அதை உங்கள் கையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்றால் குளத்து உண்டியலில் போடுங்கள் என்று வைத்தேன். இப்போது மாதம் 210 தடவை டப்பா வருகிறது. ஒரு 60 பேர் காசை வாங்கிக்கொள்வார்கள், மீதி உண்டியலுக்கு. ஆக மாதம் 600 ரூபாய். என் லாபத்திலிருந்து ஒரு பைசா போகவில்லை. காசை வாங்கிக்கொள்கிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். உங்கள் கடைப்பெண்ணுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். "குளத்துக்குப் போடலீங்களா?" என்று ஒரு தடவை கேட்டால் போதும், அடுத்த தடவை அந்த அம்மா வேறு கடையில் இருப்பார்.

டப்பா விஷயத்தில் தொழில் நுணுக்கம் கொஞ்சம் இருக்கிறது. வெறும் டப்பாவை வாடிக்கையாளர் கண்முன்னே தராசில் வைத்து, எண் பூஜ்யத்துக்கு வந்ததை அவருக்குக் காட்டிவிட்டுத்தான் தூளைப் போடவேண்டும். கழுவிய ஈரம் இருந்தால் தூள் கட்டி தட்டிவிடும், பழி நமக்கு வரும். ஒரு பழைய துண்டு வைத்துத் துடையுங்கள். பெருங்காய டப்பாவைக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் பையிலேயே கொடுத்துவிடுங்கள், 4 ரூபாயையும் உண்டியலில் நீங்களே போட்டுவிடுங்கள்.

மிகப் பெரிய பலன் நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. கொட்டை வரும் சாக்குகள் கடையில் குவிந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை குளக்கரையில் குப்பை பொறுக்கும் பிள்ளைகள் ஒரு நாள் வந்து, "ஆன்ட்டி, சாக்கு இருக்குமா?" என்றார்கள். பிளாஸ்டிக் பாட்டில்களை அள்ளிப்போட அவர்களுக்கு நல்ல கனமான சாக்கு தேவை. இருபது சாக்கு கொடுத்தேன். உண்டியல் காசில் கையுறையும் மண்வெட்டிக்குக் காம்பும் வாங்கித் தந்தேன். குப்பைக்கு நடுவே அந்தச் சாக்கைப் பிரித்தால் பச்சைக் காபிக்கொட்டை வாசம் அடிக்குமாம். "இது எந்தக் கடைச் சாக்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படித்தான் கடைக்கு ஆள் வர ஆரம்பித்தது. பணமாகக் கொடுப்பதைவிட உங்கள் தொழிலின் மிச்சத்தைக் கொடுங்கள் என்று பேக்கரித் தம்பிக்கு அடித்துச் சொன்னது இதனால்தான். மைதா மூட்டையின் சாக்கு, எண்ணெய் டின், மீந்த பன், எல்லாவற்றுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு உபயோகம் இருக்கும்.

ஆள் வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கல்லாப்பக்கம் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். புது முகம் வந்தால், "யாரு சொல்லி வந்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள். "குளத்துக்குக் குடுக்கறதைப் பாத்து வந்தீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், நம் ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். போன வருடம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என் நோட்டில் 86 புது முகம். 51 பேர் மணம் பிடித்தும் வழியில் பார்த்தும் வந்தவர்கள். கூகுள் மேப் பார்த்து 9 பேர். என்னவென்று சொல்லாதவர்கள் 4 பேர். யாரோ சொல்லி வந்தவர்கள் 22 பேர். அதில் 13 பேர் குளக்கரைப் பிள்ளைகளின் வீட்டார், நண்பர்கள். போர்டைப் பார்த்து வந்தேன் என்றவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் அந்த 13 பேரில் 11 பேர் இன்றும் வருகிறார்கள். 51 பேரில் நான் மறுபடி பார்த்த முகம் இருபது இருக்கும். விற்பனையை ஒப்பிடுவதாக இருந்தால் போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். தீபாவளியும் மார்கழியும் வந்தால் தூள் தானாகவே கூட விற்கும். அந்தப் பெருமையைக் குளத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். 2024ல் பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்து உலகம் முழுக்கக் கொட்டை விலை ஏறியது. நானும் விலையை ஏற்றினேன். உண்டியல் வைத்ததும் அதே மாதம். "குளத்துக்குக் குடுக்கறதுக்கு எங்க தலையில ஏத்தீட்டீங்களா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள், கேட்காமல் நினைத்தவர்கள் எத்தனை பேரோ. விலை ஏற்றும் மாதத்தில் கொடையை ஆரம்பிக்கவே கூடாது.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. 80ஜி என்று எல்லோரும் சொல்லும் நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு, பதிவு பெற்ற அமைப்புக்குப் பணமாகக் கொடுத்தால்தான் உண்டு. சாக்குக்கும் கையுறைக்கும் கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை, பேங்க் வழியாகவே கொடுங்கள், அந்த அமைப்பு தரும் நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். என்னைப் போலத் தனி ஆள் பெயரில் கடை இருந்து, புதிய வரிமுறையில் கணக்குக் காட்டினால் இந்தக் கழிவே இல்லை. லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று பெரிய கம்பெனிகளுக்கு இருக்கும் கட்டாயமும் நம்மைப் போன்றவர்களுக்குக் கிடையாது.

கடைசியாகப் போர்டு. 'இயற்கைக்கு உகந்த காபி', 'பசுமைக் கடை' என்றெல்லாம் எழுதாதீர்கள். ஆதாரம் காட்ட முடியாத பசுமை விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. விளம்பரம் செய்கிற வியாபாரிக்கும் அது பொருந்தும். செய்ததை மட்டும், எண்ணோடு எழுதுங்கள். ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டுப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை ஒன்று வாங்கினேன். சாக்பீஸில் மூன்றே வரி: 'போன மாதம் டப்பா 210. உண்டியல் 600 ரூபாய். கையுறை 12 ஜோடி, சாக்கு 20.' முதல் வாரத்துக்குள் அழித்துப் புதிதாக எழுதிவிட வேண்டும். எழுதத் தவறினால் வாத்தியார் விடமாட்டார். ஆமாம், அவர் திரும்பி வந்துவிட்டார். டப்பாவைத் தராசில் வைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "அம்மிணி, போர்டு போன மாசத்துதாட்ட இருக்குதே" என்பார். கடைப்பெண்ணை விட்டுச் சாக்பீஸ் எடுத்துவரச் சொல்வேன்.