வாசெக்டமிக்குப் பிறகு: எப்போது ஆணுறையை விடலாம்?

வாசெக்டமி என்பது ஆணுக்கான கருத்தடை அறுவை. அது முடிந்த அன்றே கருத்தரிப்பு நின்றுவிடாது. விதையிலிருந்து விந்தணு வரும் குழாயை வெட்டிக் கட்டினாலும், வெட்டுக்கு அப்பால் ஏற்கெனவே ஏறிவிட்ட விந்தணுக்கள் அங்கேயே கிடக்கும். அவை வடிய ஏறக்குறைய 3 மாதமும் 20 முறை விந்து வெளியேறுவதும் தேவை. அதுவரை ஆணுறையோ மாத்திரையோ தொடரட்டும். இந்த இடைவெளியில் கரு தங்கி, மனைவிமேல் வீண்பழி விழுவதுண்டு.

முதல் வாரம் உறவு வேண்டாம். செம்பனைக் குலை போன்ற பாரம் தூக்குவதும் வேண்டாம். வீக்கமும் இரத்தக்கட்டும் அதனால் வரக்கூடும்.

12 வாரம் கழித்து விந்துப் பரிசோதனை. அதற்கு முன் 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்து, ஆய்வகம் தரும் டப்பாவிலேயே மாதிரி எடுங்கள். ஆணுறையில் பிடித்தால் அதிலுள்ள மருந்து அணுக்களைக் கொன்று முடிவைக் கெடுக்கும். 1 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு மோட்டாரில் போகிறவர் வெயில் காயும் பெட்டியில் வைக்காமல் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் கொண்டுபோகலாம். அணுவே இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் ஆணுறையை விடலாம். அப்போதும் சுமார் 2000 பேரில் ஒருவருக்குக் குழாய் தானாக இணைந்துவிடக்கூடும். மாதவிலக்கு தள்ளினால் சோதித்துவிடுங்கள்.

ஆண்மை குறையுமா? குறையாது. ஹார்மோன் இரத்தத்தில் போகிறது, இந்தக் குழாயில் அல்ல.

மறுபடி பிள்ளை வேண்டுமென்றால் குழாயை இணைக்கலாம். ஆண்டுகள் ஏற ஏற வாய்ப்பு குறையும், மனைவியின் வயதும் கணக்கில் வரும். இன்னொரு வழி, விதையிலிருந்து அணுவை எடுத்துச் சோதனைக்குழாய் முறையில் கருவாக்குவது. இரண்டுக்கும் செலவு அதிகம். ஐயமிருந்தால் இப்போதே கத்தி வைக்காதீர்கள்.